படம் எடுத்தாச்சு, எங்கே காட்டுவது?

(வடசென்னை எர்ணாவூரில் குறும்பட, ஆவணப்பட ஆர்வலர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு ஒரு வணக்கம். நீங்கள் எழுந்து போகாதவரைக்கும் நான் உருப்படியாகத்தான் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்வேன்.

என்னைக் கூப்பிட்ட தம்பிகள் ஒரு தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். சொந்தமாகப் படம் எடுக்கிறவர்களுக்குச் சென்னையில் என்னென்ன வசதி இருக்கிறது, என்னென்ன விழா நடக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். ஒரு தாளில் எழுதி நகலெடுத்துக் கொடுத்தால் முடிந்துபோகிற வேலை. ஆனால் அந்தத் தாளை எழுத உட்கார்ந்தால் முகவரி எல்லாம் கூவத்துக்குத் தெற்கேயே வந்து விழுகிறது. நுங்கம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம், ஆழ்வார்பேட்டை, தரமணி. வடக்கே இருக்கிறவை எல்லாம் சினிமாக்காரர்களின் கணக்கில் லொகேஷன். கன்டெய்னர் யார்டு, பழைய குடோன், ரயில் பாதை, படகு. யூனிட் வண்டி காலையில் வரும், நாலு பேரைத் துரத்தவிட்டு ஒருவனை வெட்டவிட்டு, சாயங்காலம் கோடம்பாக்கம் போய்விடும்.

‘மெட்ராஸ்’ 2014-இல் வந்தது, ‘வடசென்னை’ 2018-இல், ‘சார்பட்டா பரம்பரை’ 2021-இல். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு வீடும் அரசியலும் விளையாட்டும் உண்டு என்று காட்டிய படங்கள் அவை. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. மற்றதை எல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த மற்றப் படங்களைப் பார்த்தால், இங்கே காலையில் எழுந்து டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிற ஆள் ஒருவர்கூட இல்லை என்றுதான் தோன்றும். அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்பும் ஷிப்டு போட்டு ஓடிய ஊர் இது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். படம் எடுப்பதற்கு இன்று வழி இருக்கிறது. எடுத்ததை உட்கார்ந்து பார்ப்பதற்கு இந்த ஊரில் இடம் இல்லை. அந்த இடத்தை நாமே உண்டாக்காதவரை, தெற்கே இருக்கிற எந்த வசதியும் நமக்கு அரை வசதிதான்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் முதல் கதைப் படம் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். மோட்டார் வண்டி, உதிரிபாக வியாபாரி. கர்சன் பிரபுவைப் படமெடுத்த ஒரு வெள்ளைக்காரக் கேமராமேனிடம் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1910களின் பிற்பகுதியில் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவில் ஸ்டுடியோ போட்டார். ‘கீசக வதம்’ அங்கே எடுத்தது. பிலிம் கழுவுகிற லேபை பெங்களூரில் வைத்துக்கொண்டார், இந்த ஊர் வெக்கைக்குப் பயந்து. அன்றைக்கு அவருக்குச் சங்கம் எதுவும் கிடையாது. இன்று அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இல்லை. அவருக்கும் முன்னால், 1905-இல், சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். தமிழ்நாட்டில் சினிமா அப்படித்தான் தொடங்கியது: படம் காட்டுகிறவர் முதலில் வந்தார், படம் எடுக்கிறவர் அப்புறம்தான் வந்தார். இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து பிலிம் சொசைட்டிக் காலம். இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959-இல் சத்யஜித் ராய் தலைமையில் உருவானபோது, அதைத் தொடங்கிய சங்கங்களில் மெட்ராஸ் பிலிம் சொசைட்டியும் ஒன்று. நல்ல படத்தைப் பார்ப்பதற்கு என்றே உறுப்பினர் சந்தா கட்டிக் கூடினார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களின் வட்டமாகத்தான் அது பெரும்பாலும் இருந்தது. தண்டையார்பேட்டைக்கு அந்த வட்டம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் பக்கத்துக்கு உலக சினிமா வேறு வாசல் வழியாக வந்தது. பீச் ஸ்டேஷன் எதிரில், பர்மா பஜார். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களுக்காக 1960களின் கடைசியில் போட்ட கடைகள். துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் கப்பலில் வருவதெல்லாம் அங்கே கிடைத்தது. கேமரா வந்தது, டேப் ரெக்கார்டர் வந்தது, வீடியோ கேசட் வந்தது, கடைசியில் டிவிடி. கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருந்தவர்களில் பாதிப் பேர் குரோசாவாவையும் கிம் கி டுக்கையும் அங்கே நடைபாதையில் குனிந்து பொறுக்கியவர்கள்தான். கடைக்காரருக்குப் பெயர் வாயில் நுழையாது, ஆனால் எந்தப் படம் ‘டைரக்டர்ங்க கேக்கற படம்’ என்று தெரியும். தனி டப்பாவில் வைத்திருப்பார். திருட்டு டிவிடியை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த வியாபாரத்தால் நஷ்டப்பட்டதும் நம் ஆட்கள்தான். ஆனால் சென்னையின் பெரிய திரைப்படப் பள்ளி எது என்று என்னைக் கேட்டால், கட்டடத்தைக் காட்ட மாட்டேன், அந்த நடைபாதையைத்தான் காட்டுவேன்.

பி.எஸ். வினோத்ராஜ் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே படிப்பை விட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர். சினிமா ஆசையில் சென்னை வந்து டிவிடி கடையில் வேலை பார்த்தார். கடையில் இருந்த படங்களைப் பார்த்தே பாடம் படித்தார். பிறகு உதவி இயக்குநர், நாடகக் குழு. 2021-இல் அவருடைய முதல் படம் ‘கூழாங்கல்’ ராட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது, அந்த விழாவின் உயர்ந்த விருது. அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் போனது. கதை என்ன? ஒரு குடிகார அப்பனும் ஒரு பையனும் வெயிலில் நடக்கிறார்கள். அவ்வளவுதான். அவர் தன் ஊர் வெயிலை எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு கோவை அருண் கார்த்திக்கின் ‘நசிர்’ அதே ராட்டர்டாமில் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது வாங்கியது. எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது, ஜவுளிக் கடையில் நிற்கிற ஒரு சேல்ஸ்மேனின் ஒரு நாள். இரண்டிலும் துரத்தல் கிடையாது, கத்தி கிடையாது.

சரி, படிக்கிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்தவர்களுக்குத் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. 1945-இல் தொடங்கியதிலிருந்து எடுத்தால் இந்தியாவிலேயே மூத்த பயிற்சி நிறுவனங்களில் ஒன்று. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அரசுக் கட்டணத்தில் படிக்கலாம். தனியார் பள்ளிகளின் கட்டணத்தைக் கேட்டுவிட்டு இதன் விண்ணப்பத்தைப் பாருங்கள், அருமை புரியும். பட்டம் முடித்து, வீட்டில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு வெற்றிமாறன் 2021-இல் தொடங்கிய திரை-பண்பாடு ஆய்வகம் இருக்கிறது. தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல் கற்றுத் தருகிறார்கள். வடபழனியில் தமிழ் ஸ்டுடியோ அமைப்பு நடத்தும் ப்யூர் சினிமா, சினிமா புத்தகங்களுக்கென்றே உள்ள கடை. பேசாமொழி இதழும் அவர்களுடையதுதான். ஆவணப்படத்துக்குப் பழைய ஆவணம் தேடுகிறவர்கள் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தைத் தவறவிடாதீர்கள். பழைய பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், பத்திரிகை எல்லாம் அங்கே உண்டு.

கேமராவைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. உங்கள் கையில் இருக்கிற போனே போதும். சத்தம்தான் உங்களைக் கவிழ்க்கும். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி எடுத்த எத்தனையோ குறும்படங்களை எடிட் மேஜையில் பார்த்திருக்கிறேன். முகம் அழகாக இருக்கும், வெளிச்சம் அழகாக இருக்கும், அம்மா மகனிடம் முக்கியமான விஷயத்தைச் சொல்லும்போது கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நடுவில் போகும். லாரியை எந்த மென்பொருளாலும் வெளியேற்ற முடியாது, தம்பி. வாடகைக்கு எடுப்பதென்றால் முதலில் லேப்பல் மைக்கும் ரெக்கார்டரும் எடுங்கள், லென்ஸ் அப்புறம். வசனம் முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து வையுங்கள். எடிட்டர் உங்களை வாழ்த்துவார். இல்லாவிட்டால் லாரிச் சத்தத்தைப் படத்துக்குள் கொண்டு வாருங்கள். இந்த ஊரில் மனிதர்கள் கத்தித்தான் பேசுகிறார்கள் என்பதே ஒரு கதைதானே.

அனுமதி விஷயம். காமராஜர் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் இவற்றுக்குள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கேமரா போகாது. வேலிக்கு வெளியே நின்று எடுத்தாலும் காவலர் வந்து கேட்பார். வாக்குவாதம் வேண்டாம், கல்லூரிக் கடிதமோ அமைப்பின் கடிதமோ கையில் இருக்கட்டும். ட்ரோன் பறக்கவிடும் ஆசை இருந்தால் முதலில் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பாக இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். ரயில்வே நிலத்துக்குத் தெற்கு ரயில்வேயிடம்தான் கேட்க வேண்டும். யாரையும் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

இனி விழாக்கள். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003-இலிருந்து நடத்துவது. தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு. அங்கே உங்கள் படம் ஓடுகிறதோ இல்லையோ, ஒரு வாரம் போய் உட்காருங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தபின் அண்ணா சாலை தூரம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர், அங்கிருந்து நேராக அரசினர் தோட்டம் அல்லது ஆயிரம் விளக்கு. இரவுக் காட்சி முடிந்து கடைசி ரயிலைப் பிடிப்பது மட்டும் உங்கள் சாமர்த்தியம்.

ஆவணப்படம், குறும்படம் எடுக்கிறவர்களுக்கு நான் முதலில் கை காட்டுவது மறுபக்கம் அமைப்பை. ஆர்.பி. அமுதன் 1998-இல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவாகத் தொடங்கினார், பிறகு சென்னைக்கும் அப்படி ஒரு விழா வந்தது. அமுதன் 2003-இல் எடுத்த ‘பீ’ படத்தைத் தேடிப் பாருங்கள். மதுரையில் ஒரு தெரு, அதைச் சுத்தம் செய்கிற ஒரு பெண், அவருடைய வேலை. கேமரா அவர் கூடவே நடக்கிறது. பின்னணி இசை வந்து உங்களை அழச் சொல்லாது. அரை மணி நேரத்துக்கும் குறைவான படம். இருபது வருஷத்துக்குமேல் ஆகியும் அதைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. எர்ணாவூரில் ஒரு தெரு எடுத்தால் போதாது, இந்தியா முழுக்கச் சுற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏப்ரலில் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் வானம் கலைத் திருவிழாவில் பி.கே. ரோசி திரைப்பட விழாவும் ஒரு பகுதி. மலையாளத்தின் முதல் கதாநாயகி அவர். தலித் பெண் உயர்சாதிப் பெண்ணாக நடித்தாள் என்பதற்காக ஊரை விட்டே துரத்தப்பட்டவர். அவர் பெயரில் சென்னையில் ஒரு விழா நடப்பது சின்ன விஷயம் இல்லை. பால்புதுமையினர் படங்களுக்கு 2013-இலிருந்து ரீல் டிசையர்ஸ் விழா நடக்கிறது. தமிழ் ஸ்டுடியோவின் லெனின் விருது, படத்தொகுப்பாளர் பி. லெனின் பெயரில், குறும்படக்காரர்களை மதிக்கிற விருது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான தமுஎகச, தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் உலகத் திரைப்பட விழாக்கள் நடத்துகிறது. விழாவுக்கு ஏசி அரங்கம் தேவையில்லை என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். வெளியே போனால் திருவனந்தபுரத்தில் 2008-இலிருந்து நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழா, மும்பையில் 1990-இலிருந்து நடக்கும் மிஃப் ஆவணப்பட விழா, யாழ்ப்பாணத்தில் 2015-இலிருந்து நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழா. போர் முடிந்த ஊரில் விழா எடுத்திருக்கிறார்கள், நாம் மண்டபம் கிடைக்கவில்லை என்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் விண்ணப்பம் போடும் தளங்கள் வந்தபின், மாதா மாதம் ‘சர்வதேச விழா’ நடத்துகிற கூட்டமும் வந்துவிட்டது. டாலரில் கட்டணம் கட்டினால் ‘சிறந்த அறிமுக இயக்குநர்’, இன்னும் கொஞ்சம் கட்டினால் கோப்பை, இன்னும் கட்டினால் கூரியர். அந்த விழாவில் ஒரு நாற்காலிகூட இருக்காது, படத்தை யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். போஸ்டரில் விழாக்களின் லாரல் இலைச் சின்னம் அடுக்குவதற்காக அம்மாவின் வளையலை அடகு வைத்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். போஸ்டரில் இருபத்து மூன்று விருது. படத்தை அவன் தெருவில் யாரும் பார்க்கவில்லை. கட்டணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அரங்கில் திரையிடுகிறீர்கள்? போன வருடம் எந்தப் படங்கள் ஓடின? அந்த இயக்குநர்களில் யாரிடமாவது பேச முடியுமா? பதில் வராவிட்டால் பணத்தை எடுத்து மைக் வாங்குங்கள்.

நல்ல விழாக்களுக்கு அனுப்பும்போது சில நடைமுறைகள். முதல் திரையிடல் எங்களிடம்தான் என்று பெரிய விழாக்கள் கேட்கும், அதனால் அவசரப்பட்டு யூடியூபில் ஏற்றாதீர்கள். வசன எழுத்தை, அதாவது சப்டைட்டிலை, வேறொருவர் சரிபார்க்கட்டும், எழுதினவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது. அனுமதி வாங்காத இளையராஜா பாட்டு பின்னணியில் ஓடினால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விழாக்காரர்கள் யோசிப்பார்கள். டீக்கடை ரேடியோவில் தற்செயலாக ஓடியது என்று நீங்கள் சொல்வதை யாரும் ஏற்கமாட்டார்கள். அரங்கில் திரையிட டி.சி.பி. (தியேட்டர் புரொஜக்டருக்கான டிஜிட்டல் கோப்பு) கேட்டால் முன்கூட்டியே செய்து சோதித்துப் பாருங்கள். அவ்வளவுதான், மீதி எல்லாம் பழக்கத்தில் வரும்.

பணம் எங்கே என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். நேர்மையாகச் சொன்னால், இங்கே குறைவு. தமிழ்நாடு அரசு தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்கு 7 லட்சம் ரூபாய் மானியம் வைத்திருக்கிறது. அது முழுநீளப் படங்களுக்கு, அதுவும் எடுத்து முடித்த பிறகு. ஆரம்பிக்கிறவன் கையில் எதுவும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை தானே முதல் போட்டு எடுக்கிறது. அந்த மாநிலத்தைவிடப் பெரிய சினிமா வியாபாரம் நடக்கிற மாநிலம் இது. ஐந்து முதலமைச்சர்களைச் சினிமா கொடுத்தது என்று பெருமை பேசுகிறோம், ஒரு பெண் தன் முதல் படத்தை எடுக்க ஒரு கதவு இல்லை. இதைக் கேட்டுப் போராட வேண்டியது சங்கங்களின் வேலை, கேட்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். முழுநீளப் படத்துக்குத் திட்டம் வைத்திருப்பவர்கள் நவம்பரில் கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) நடத்தும் பிலிம் பஜாரையும் ராட்டர்டாமின் ஹூபர்ட் பால்ஸ் நிதியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘நசிர்’ அந்த நிதி பெற்ற படம்.

பணத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ படம் எடுத்த ஜான் ஆபிரகாம் இருந்தாரே, அவர் கேரளத்தில் ஒடேசா என்ற குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். காசு கொடுத்தவர்களிடமே படத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில் 2006-இலிருந்து நடக்கும் விழா, கம்பெனிப் பணமும் வேண்டாம், அரசுப் பணமும் வேண்டாம் என்று பார்வையாளர் தருவதைக் கொண்டே நடக்கிறது. நான் எர்ணாவூரில் நினைத்துப் பார்ப்பது அப்படி ஒன்றை.

ஏன் இங்கே? 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் வந்து ஒதுங்கியது இந்தக் கரையில்தான். வாளியால் அள்ளினார்கள், நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதே மாதம்தான் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, ரதிந்திரன் பிரசாத் இயக்கிய ‘சென்னை பொறம்போக்கு’ பாடல் வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலில் நின்று கர்நாடக இசை பாடிய காணொளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய், அந்த மாதமே 26-ஆம் தேதி இரவு கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் ஜனங்கள் மூச்சுத் திணறி இருட்டில் ஓடினார்கள். ஒவ்வொரு தடவையும் கேமராக்கள் வந்தன. எடுத்த படங்கள் டெல்லியில் ஓடின, வெளிநாட்டில் ஓடின. இங்கே அநேகமாக எதுவும் ஓடவில்லை.

ஒரு தடவை கல்லூரி மாணவர்கள் இந்தக் கரையைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தை, இங்கே பக்கத்தில் ஒரு குப்பத்தில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டினோம். பெரியவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருக்கிற காட்சி. ‘எண்ணெய் வந்த மறுநாளும் கடலை நம்பிக் காத்திருக்கிறார்’ என்று உருக்கமான குரல். மீன் விற்கிற அக்கா ஒருத்தர் எழுந்து, “இந்தாப்பா, அன்னிக்கு எவன் வலையத் தொட்டான்? இது வேற நாள்ல எடுத்தது. அவரு கட்டியிருக்கற லுங்கியே அதுக்கப்பறம் பொங்கலுக்கு வாங்கனது” என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பையன்கள் முகம் தொங்கிப்போயிற்று, ஆனால் அக்கா சொன்னது உண்மை, காட்சி வேறு நாளில் எடுத்தது. அந்தக் குரலை மாற்றி எழுதினார்கள். அன்று அக்கா தொடங்கியபின் ஆளாளுக்குப் பேசினார்கள். நஷ்ட ஈடு யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, பெயர்ப் பட்டியல் எப்படிப் போட்டார்கள் என்று ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் எடுத்திருக்க வேண்டிய படம். எந்த நடுவர் குழுவாலும் அந்த லுங்கியைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1952-ஆம் ஆண்டு திரைப்படச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டுகிற படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில். விழாக்களுக்கு மத்திய அரசு விலக்கு தருகிறது, அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேசிய விருதுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் குறும்படத்துக்கும் சான்றிதழ் கேட்பார்கள். திவ்யபாரதி 2017-இல் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி ‘கக்கூஸ்’ எடுத்தபோது பல ஊர்களில் திரையிடலைப் போலீஸ் தடுத்தது. கடைசியில் யூடியூபில் வெளியிட்டார், லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் சான்றிதழ் வாங்கியது. அந்தத் தீர்ப்பாயத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள், இனி உயர் நீதிமன்றம்தான். பயமுறுத்தவில்லை. தெரிந்துகொண்டு இறங்குங்கள் என்கிறேன்.

கடைசியாக இடம். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967-இல் திறந்தது, 2020-இல் மூடிவிட்டார்கள். இருக்கிற தியேட்டர்களில் உங்கள் இருபது நிமிடப் படத்துக்கு யாரும் ஸ்கிரீன் தரப் போவதில்லை. வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2024-இல் அரசு பெரிதாகத் தொடங்கியிருக்கிறது. கொளத்தூரில் படிக்கவும் வேலை செய்யவும் முதல்வர் படைப்பகம் திறந்திருக்கிறார்கள், நல்ல காரியம். அப்படி ஒன்று இந்தப் பக்கம் வரும்போது அதில் இருட்டாக்கக் கூடிய ஒரு கூடம், ஒரு புரொஜக்டர், நூறு நாற்காலி, நல்ல ஸ்பீக்கர் கேட்டு இப்போதே மனு எழுதுங்கள். கட்டடம் கட்டின பிறகு கேட்டால் ஜன்னல் வைத்துவிட்டோம் என்பார்கள்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. சுனாமிக் குடியிருப்பில் சுவர் இருக்கிறது. பள்ளிகளில் கூடம் இருக்கிறது. சங்கக் கட்டடம் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் வட்டச் செயலாளர்கள், சங்கத் தலைவர்கள், மண்டபப் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள், முகம் தெரிகிறது. உங்களிடம்தான் கேட்கிறேன்: மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கல்யாணம் இல்லாத ஞாயிறாகவே பார்த்து, இந்தப் பிள்ளைகளிடம் மண்டபச் சாவியைக் கொடுங்கள். கரண்ட் பில்லை அவர்கள் கட்டுவார்கள், பெருக்கிவிட்டும் போவார்கள். தம்பி தங்கைகளே, முதல் மாதப் படம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று யாரும் அடம் பிடிக்காதீர்கள். முன்வரிசையை மீன் விற்கிற அக்காக்களுக்கு விட்டுவிடுங்கள்.